தையல் டப்பாவில் ஒரு ஸ்டியரிங்

கணபதி, கோவை – 6
ஆடி 2, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பிரவின்குமாருக்கு அப்பா சுப்பையன் எழுதுவது.

இங்கே அம்மா சௌக்கியம், நான் சௌக்கியம், உன் அறையில் இருக்கும் பதினொரு பொம்மை டாங்கிகளும் சௌக்கியம். லாரிக்குத்தான் கொஞ்சம் அடி. அதைப் பின்னால் சொல்கிறேன். பூனாவில் மழை விடாமல் பெய்கிறது என்று டிவியில் சொன்னார்கள். துணி காய்கிறதா? இங்கே மேற்கே இருந்து சாரல்தான், காற்றுதான் பலம். நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டுவிட்டார்கள். போன வருஷம் தோண்டியது எதற்கு, இப்போது தோண்டுவது எதற்கு என்று கேட்டால் தோண்டுகிறவனுக்கே தெரியவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். என் போனை நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அம்மாவிடம் நீ பேசும்போது நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வேண்டியதை உன் அம்மா மாசாணியம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. அவள் நடுவில் புகுந்து எனக்காக ரெண்டு வார்த்தை பேசுவாள், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

பெண் வீட்டில், அதுதான் புவனாவின் அப்பா சின்னான் வீட்டில், சம்மதம் சொல்லிவிட்டார்கள் கண்ணு. அம்மா புதன்கிழமையே உன்னிடம் சொல்லிவிட்டாள், நீ சரி என்று மட்டும் சொன்னாய் என்பதும் தெரியும். ஆனால் அது எப்படி நடந்தது என்று அவளுக்கே முழுசாகத் தெரியாது. சின்னான் வந்த நேரம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நடந்தது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். மூன்றாவதாக நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கொஞ்சம் பின்னாலிருந்தே வருகிறேன். வைகாசியில் புவனாவின் ஜாதகம் பொருந்தி, அவர்கள் உன் போட்டோவை வாங்கிக்கொண்டு போனபோது வீடு கலகலவென்று இருந்தது. ஆனி பிறந்து ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். பெண் வீட்டில் யோசிக்கிறார்கள், பையன் பழக்கவழக்கம் பற்றி ஏதோ காதில் விழுந்திருக்கிறதாம் என்று இழுத்தார். என்ன பழக்கம் என்று கேட்டேன். கட்டை விரலை வாய்க்கு நேரே கொண்டுபோய்க் காட்டினார். உனக்கு முப்பத்தொரு வயசு. இதற்கு முன் ரெண்டு இடம் கைகூடி வருகிற மாதிரி வந்து தட்டிப்போயிற்று. அதெல்லாம்கூட இதனால்தானோ என்று எனக்குத் தோன்றிவிட்டது.

என் உத்தியோகம் உனக்குத் தெரியாததில்லை. இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டினேன். முதுகு போன பிறகு எட்டு வருஷம் டிப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வண்டி எடுக்க வரும் டிரைவர் ஒவ்வொருவரையும் ஊதச் சொல்லி, மோந்து பார்த்து அனுப்புவதுதான் வேலை. மெஷின் வந்த பிறகும் சந்தேகம் என்றால் சுப்பையனைக் கூப்பிடு என்பார்கள். ஏலக்காய், பாக்கு, கொய்யா இலை என்று எதை மென்றுவிட்டு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

உன் அறைப்பக்கம் போனாலே ஒரு நெடி வரும். நீ ஆபீஸ் விட்டு சரவணம்பட்டியிலிருந்து வருவாய், சாப்பிடுவாய், கதவைச் சாத்திக்கொள்வாய். என்ன செய்கிறாய் என்று கேட்டால் மாடல் என்பாய். சின்னப் பிள்ளைக்கு வாங்கித் தருகிற பொம்மை டாங்கியை முப்பது வயசு ஆள் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுகிறான் என்றால் நான் நம்பவில்லை. பொம்மை ஒரு சாக்கு, உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்றுதான் நினைத்தேன். நீ சொன்னதை ஒரு நாளாவது உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

தரகர் போனதும் மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு உன் அறைக்குள் புகுந்தேன். தூசி படாமல் நீ அலமாரி மேல் போர்த்தி வைத்திருந்த சென்னிமலை பெட்ஷீட்டை ஒரே இழுப்பாக இழுத்தேன். அப்போதுதான் முன்னால் இருந்த லாரி கீழே விழுந்தது. டிராயரில் மூக்கு வாயை மூடுகிற மாஸ்க் ஒன்று, குட்டிக் குட்டி பாட்டில்கள், நடுவில் ஒரு பெரிய பாட்டில். அதில் இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை. முதல் வார்த்தை நீளமாக இருந்தது, எனக்குப் படிக்க வரவில்லை. ரெண்டாவது வார்த்தை ஆல்கஹால். திறந்து மோந்து பார்த்தேன். மண்டைக்கு ஏறியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு உறைக்கும். ஏழு மணிக்கு நீ வந்தாய். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நிறுத்தி, உன் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, ஊதுடா என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். குனிந்து என் முகத்துக்கு நேரே ஊதினாய். மதியம் சாப்பிட்ட தயிர்சோற்று வாசம்தான் இருந்தது. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும், எதையோ மென்னுபோட்டு வந்திருக்கான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ அதைக் கேட்டாய். அடுத்த நாள் காலையில், வேண்டாம் என்று ரெண்டு மாதமாகத் தள்ளிக்கொண்டிருந்த பூனா வேலைக்கு ஒத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினாய்.

நீ போய் இன்றைக்கு இருபத்துநாலு நாள்.

இனி சின்னான் வந்த கதை. போன செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். புவனாவின் அப்பா தனியாக வந்து இறங்குகிறார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாராம், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவருக்கு ஊரின் இந்தக் கோடியில் என்ன வேலை? ஆடி பிறக்க ரெண்டே நாள். ஆடி பிறந்துவிட்டால் பேச்சை எடுக்க மாட்டார்கள், அதற்குள் ஆம் அல்லது இல்லை என்று முடிவு கட்ட வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, தம்பி ரூமைக் கொஞ்சம் பாக்கலாங்களா?"

உன் பாட்டில் அங்கேயே இருக்கிறது. சாவி இல்லை என்று பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் சாவி என் இடுப்பிலேயே தொங்குகிறது, அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். திறந்துவிட்டேன்.

உள்ளே போனவர் பாட்டில் பக்கமே திரும்பவில்லை. அந்தப் பச்சை ஷெர்மன் டாங்கியிடம் போனார். கையில் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான் கேட்காமல் இழுத்துத் தள்ளிய இடத்தில் அவர் கேட்டு எடுக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, பீரங்கிக் குழாயை முன்னும் பின்னும் திருப்பி, நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, இதில் கோட்டைக் காணோமே என்றார். என்ன கோடு என்று நான் முழித்தேன்.

அவர் மோல்டு செய்கிறவர் கண்ணு. முப்பது வருஷமாக பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இரும்பு அச்சுகளை ராவி மெருகேற்றுகிறவர். ரெண்டு அச்சும் மூடுகிற இடத்தில் பிளாஸ்டிக்கில் மெல்லிசாக ஒரு கோடு விழுமாம். பக்கெட், டப்பா, பேனா எதை எடுத்தாலும் இருக்குமாம். என் சட்டைப்பையிலிருந்த பேனாவையே வாங்கிக் காட்டினார், இருக்கிறது. இத்தனை நாள் நான் பார்த்ததே இல்லை. அந்தக் கோட்டை நீ குழாயிலும், சக்கரங்களிலும், சோளப்பொரி அளவு சாமான்களிலும்கூடச் சுரண்டி, தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் எடுத்திருக்கிறாயாம். ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரமாவது ஆகும் என்றார். ஒரு டாங்கிக்கு எத்தனை சக்கரம் என்று நான் அப்போதுதான் முதல் தடவையாக எண்ணினேன்.

அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டார். பெண்ணைக் கொடுக்கிற இடம் என்பதால் நாலு பேரிடம் விசாரித்தாராம். நம் தெருமுனை பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த முகமது யூசுப்பையும் விசாரித்திருக்கிறார். என்னோடு கண்டக்டராக இருந்த யூசுப்தான், வேறு யார். அவன் உன்னைத் தங்கமான பையன் என்றுதான் சொன்னானாம். ஆனால் அவங்க அப்பாதான் ஏதோ நெடி வருகிறது, கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார் என்றும் சொல்லியிருக்கிறான். ஊர் ஆயிரம் பேசும், பெற்ற அப்பன் சொன்னதாக வந்ததால்தான் காலை எடுத்து வைக்க முடியவில்லை என்றார் சின்னான். நீங்கள் அப்படிச் சொன்னது உண்மையா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

பார்த்துக்கொள் கண்ணு. வேறு யாரோ பொறாமைக்காரன் கிளப்பிவிட்டான் என்று மூன்று வாரமாக நான் ஒவ்வொருவனாகச் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அந்தப் பேச்சு கிளம்பிய வாய் என் வாய். வைகாசியில் ஒரு நாள் டீ குடிக்கும்போது யூசுப்பிடம் புலம்பினேன், வாஸ்தவம். புலம்பிய மனசு ஆறிவிட்டது, நான் மறந்தும்விட்டேன். அது சுற்றிச் சுற்றித் தரகர் வாயில் ஏறி என் வீட்டுக்கே வந்தபோது, ஊரே சொல்கிறது என்று அதை நம்பி உன் மேல் பாய்ந்தேன்.

அப்போது இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். யூசுப்புக்குக் காது சரியில்லை என்று அவன் மேல் போட்டிருக்கலாம். உன் அம்மாவும் வீட்டில் இல்லை. ஆனால் மேஜையில் அந்த டாங்கி இருந்தது. வாய் தானாக வந்துவிட்டது.

"சொன்னது நான்தானுங்க. தப்பாச் சொல்லிப்போட்டேன். எம் பையனை வாசல்ல நிறுத்தி ஊதச் சொன்னனுங்க. வாயில ஒண்ணுமில்லீங்க. அது தெரிஞ்சும் நான் ஒத்துக்கலீங்க."

அவர் பூதக்கண்ணாடியைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு, இப்படி ஒரு வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு, பையன் ஊதினானா என்று கேட்டார். ஊதினான் என்றேன்.

"என்னை எங்கப்பன் அப்படிக் கேட்டிருந்தா, நான் ஊதியிருக்க மாட்டனுங்க."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். அப்புறம்தான் பாட்டிலை எடுத்து, அந்த நீள வார்த்தையை எனக்குப் படித்துக் காட்டினார். ஐசோபுரோபைல். துடைக்கிறதற்கும் கழுவுகிறதற்கும் உள்ள சாமானாம், அவர் பட்டறையிலும் ரெண்டு கேன் இருக்கிறதாம். இதைக் குடிக்கிறவன் கல்யாணப் பேச்சு வரைக்கும் உயிரோடு இருக்க மாட்டான் என்றார். பெயின்டை ஸ்பிரே பண்ணும்போது புகை உள்ளே போகக்கூடாது என்றுதான் மாஸ்க் என்றார். நடுங்குகிற கைக்கு இந்த வேலை ஆகாது என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி டாங்கியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். சாமான்களை வெட்டி எடுத்த பிறகு வெறுமனே கிடக்கிற பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறதே, அதில் ஒன்று வேண்டுமாம். இதை வார்த்த ஜப்பான்காரன் மோல்டு எத்தனை சுத்தம் என்று பட்டறை ஆட்களுக்குக் காட்டுவதற்கு. குப்பைக்குப் போகிற சாமான்தான். ஆனாலும் பையனைக் கேட்டுத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சரிங்க என்றார். நீ வரும்போது எடுத்துக் கொடுக்கலாமா? ஒரு வரி எழுது. என்னிடம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவிடம் சொல், போதும்.

புதன்கிழமை சாயங்காலம், ஆனி கடைசி நாள், போன் வந்தது. சம்மதம் என்றார்கள். நிச்சயத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். உன் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். புவனா ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட் இல்லையா, மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர் என்றால் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்தான் என்று சொன்னாளாம். அந்த ரூமில் எக்ஸாஸ்ட் பேன் இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொன்னாளாம். இல்லை, வைத்துவிடுகிறோம் என்றேன். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சுவரில் எந்த இடம் என்று நீ வந்து காட்டினால்தான் ஓட்டை போட விடுவேன்.

யூசுப்பிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் மேல் எனக்கு ஒரு நாள் முழுக்கக் கோபம் இருந்தது, அப்புறம் யோசித்தால் அவன் நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறான். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்து, இனிமேல் என் பையனைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நம்பாதே என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இனி லாரி. அது அடிபட்டது என்னால்தான். கீழே விழுந்ததில் பக்கப்பலகை ஒன்று பெயர்ந்துவிட்டது, அது பத்திரமாக இருக்கிறது. ஸ்டியரிங்கைத்தான் காணவில்லை. சின்னான் போன பிறகு, தலைகீழாகக் கிடந்த அந்த லாரியை எடுத்து முதல் தடவையாக அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மூன்று ஆக்சில், பத்துச் சக்கரம், ஸ்பிரிங் பட்டை ஒவ்வொன்றும் தனித்தனி. யாரும் பார்க்காத இடத்துக்கெல்லாம் பெயின்ட் அடித்திருக்கிறாய். ஆக்சில் நடுவில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிற மாதிரி கருப்பாகத் தீட்டியிருக்கிறாய். சரியாக அந்த இடத்தில்தான் கசியும் கண்ணு. என் வண்டியில் வருஷக்கணக்காக அங்கேதான் கசிந்தது. லீவு நாளில் உன்னை டிப்போவுக்குக் கூட்டிப்போனால், நான் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு வருவதற்குள் நீ வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாய். டவுசர் எல்லாம் கிரீஸ் என்று உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள். அதையா இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்தாய்?

ஸ்டியரிங்கை ரெண்டு நாள் தேடினேன். டார்ச் அடித்து, தரையோடு தரையாகப் படுத்து, கட்டிலை நகர்த்தி, துடைப்பத்தைக்கூட உதறிப் பார்த்தேன். என் முதுகுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். நேற்று உன் அம்மா என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், நடுவில் மூன்று கம்பி என்றேன். அட, அதுங்களா என்று எழுந்து போனாள். நான் இழுத்துப் போட்ட பெட்ஷீட்டை அன்றைக்கே துவைக்கப் போட்டிருக்கிறாள், உதறும்போது விழுந்திருக்கிறது. ஏதோ சுடிதார் பொத்தான் என்று தையல் டப்பாவில் போட்டு வைத்துவிட்டாள். இருபது பொத்தானுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒரு கம்பிகூட ஒடியவில்லை.

ஒட்டிவிடலாம் என்று கடையில் பெவிக்விக் வாங்கி வந்துவிட்டேன். பிறகு சின்னானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டேன். தொடாதீங்க, அது பக்கத்திலிருக்கிற கண்ணாடியை வெள்ளையாகப் பூத்துப்போகப் பண்ணிவிடும் என்றார். அதனால் தொடவில்லை. லாரி மேஜை மேல் இருக்கிறது, ஸ்டியரிங் தையல் டப்பாவிலேயே இருக்கிறது. நீ வந்து மாட்டு. அதை மாட்டும்போது நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்க்கலாமா? பேச மாட்டேன்.

ஆவணிக்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு வந்துவிட்டுப் போ. காந்திபுரத்தில் எத்தனை மணிக்கு இறங்கினாலும் நான் வந்து நிற்பேன். அம்மா உனக்கு என்ன சமைக்க வேண்டும் என்று இப்போதே லிஸ்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை, ஆனால் யூசுப்பிடம் புலம்பியதை இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லப்போகிறேன். திட்டு விழும். விழட்டும்.

இந்தக் கவரில் காகிதத்தோடு கனமாக ஒன்று இருக்கும், பார்த்துப் பிரி. உன் அறையின் மாற்றுச்சாவி. எட்டு வருஷமாக என் இடுப்பில் இருந்தது. இனி உன்னிடம் இருக்கட்டும். அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், லாரியும் டாங்கிகளும் உள்ளே பத்திரம். இனிமேல் நான் கதவைத் தட்டுவேன் கண்ணு. நீ திறந்தால் வருவேன்.

நல்ல காற்றும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும். உன் கை எப்போதும் நடுங்காமல் இருக்கட்டும்.

உன் அப்பா
சுப்பையன்